மழைக்கு முன் வீட்டில் என்ன செய்து வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தெற்கே, பழைய ஏரிகளுக்கு நடுவில் வளர்ந்த பகுதி எங்களுடையது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் ஒரு கூட்டம் போடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும் நேரம் அது. புதிதாகக் குடிவருபவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். புயல், வெள்ளம் இரண்டைப் பற்றித்தான் பேசுகிறேன். கடலோர மாவட்டங்களில் எங்கே இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

எங்க தெருவுல இதுவரைக்கும் தண்ணி ஏறினதே இல்ல. எங்களுக்கும் இதெல்லாம் தேவையா?

தேவை. வீட்டுக்குள் தண்ணீர் வருவது ஒரு வகை ஆபத்துதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பிரச்சினை காற்று. ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, மேடான பகுதிகளிலும் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நான்காவது மாடியில் இருந்தவர்களுக்கும் பால் கிடைக்கவில்லை, லிஃப்ட் ஓடவில்லை, மோட்டார் ஓடவில்லை.

"இதுவரை வந்ததில்லை" என்பது பெரிய உத்தரவாதமும் அல்ல. அதே மாதம் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட அது அதிகம். ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: மூன்று நாள் மின்சாரம், குழாய்த் தண்ணீர், கடை, போன் நான்கும் இல்லாவிட்டால் உங்கள் வீடு சமாளிக்குமா?

மூணு நாள்னு எப்படிச் சொல்றீங்க? ஒரு வாரம் ஆனா?

தண்ணீர் வடியவோ, உதவி வந்து சேரவோ நம் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் பிடிக்கிறது. அதனால் மூன்று நாள் என்பது எல்லா வீட்டுக்கும் குறைந்தபட்சம். கைக்குழந்தை, வயதானவர், நோயாளி இருக்கும் வீடுகளும் தாழ்வான பகுதிகளும் ஒரு வாரத்துக்குத் திட்டமிடுவது நல்லது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த டெல்டா கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

குடிக்கிற தண்ணி எத்தனை கேன் வாங்கி வைக்கணும்?

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. வழக்கமாக ஒரு கேன் வாங்கி, தீர்ந்த பிறகு அடுத்ததற்குப் போன் செய்யும் வீடுகள்தான் அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டுமாவது இரண்டு கேன் எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் கேன் போடும் தம்பியால் வர முடியாது.

மற்ற உபயோகத்துக்கு: எச்சரிக்கை வந்த அன்றே மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்புங்கள். குடம், அண்டா, டிரம் எல்லாவற்றிலும் பிடித்து வையுங்கள். கழிப்பறைக்கு மழைத்தண்ணீரே போதும், மொட்டை மாடிக் குழாயின் கீழ் ஒரு வாளி வைத்தால் ஆயிற்று. தரைமட்டத் தொட்டியான சம்ப் மூடியைச் சுற்றி பாலித்தீன் ஷீட் போட்டு மேலே கனம் வைத்தாலும், தெருத் தண்ணீர் அதற்கு மேல் நின்றால் உள்ளே புகுந்துவிடும். வெள்ளம் வந்தபின் சம்ப் தண்ணீரைக் குடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு நூடுல்ஸ் பாக்கெட் வாங்கி அடுக்கினா போதாதா?

போதும், ஆனால் அதற்கும் அடுப்பும் தண்ணீரும் வேண்டும். மின்சாரம் இல்லையென்றால் மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு எதுவும் கிடையாது என்பதை முதலில் வைத்து யோசியுங்கள். ஃப்ரிட்ஜில் இருக்கும் இட்லி மாவு ஒரே நாளில் புளித்துவிடும்.

நம் சமையலறையில் இதற்குத் தோதான பொருட்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவல் தண்ணீரில் நனைத்தாலே போதும், வெல்லமோ தயிரோ சேர்த்துச் சாப்பிடலாம். பொரி, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, பேரீச்சை, பிஸ்கட், பால் பவுடர். சோறு மட்டும் வடிக்க முடிந்தால் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் வைத்தே மூன்று நாள் ஓட்டலாம். குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுப்பவர்கள் அந்த மாவு டப்பா ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், இதில் மட்டும் மாற்றுவழி இல்லை. இதற்கென்று தனிப் பெட்டி கட்டிப் பரணில் ஏற்றிவிட்டால் அடுத்த ஆண்டு திறக்கும்போது வண்டு பிடித்திருக்கும். தினசரி எடுக்கும் டப்பாவிலேயே கொஞ்சம் அதிகம் வாங்கிப் போட்டு, எடுத்த அளவு திரும்ப நிரப்பி வருவதுதான் எளிது.

மின்சாரம் போனதும் ஃப்ரிட்ஜை அடிக்கடி திறக்காமல் விட்டால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். பாலைக் காய்ச்சிவிடுங்கள், கெடக்கூடியதை முதல் நாளே சாப்பிட்டு முடியுங்கள்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு டிவியில சொல்றாங்க. எதுக்குப் பயப்படணும்?

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் நிறங்கள் இவை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 20 செ.மீ.க்கு மேல் அதி கனமழை. சிவப்பு வந்த பிறகு கடைக்கு ஓடினால் ரொட்டி, பால், மெழுகுவர்த்தி எதுவும் இருக்காது. வாங்குவது, சார்ஜ் போடுவது, தண்ணீர் பிடிப்பது எல்லாவற்றையும் ஆரஞ்சிலேயே முடித்துவிடுங்கள். "துறைமுகத்தில் 5-ம் எண் கூண்டு" என்பது கப்பல்களுக்கான அறிவிப்பு, வீட்டுக் கணக்குக்கு நிறங்களே போதும்.

ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு அறிவிப்பும் முக்கியம். செம்பரம்பாக்கம், பூண்டி, புழல் ஏரிகளிலிருந்து எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று செய்தியில் சொல்வார்கள். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. அங்கே திறக்கும் தண்ணீர் அடையாற்றில்தான் வரும். 2015 டிசம்பர் 1 இரவு நொடிக்கு 29,000 கன அடி வரை வெளியேறியது. உங்கள் தலைக்கு மேல் மழை நின்றுவிட்டாலும் மேற்கே பெய்த மழை சில மணி நேரம் கழித்து வந்து சேரும்.

கரன்ட்டை எப்ப ஆஃப் பண்ணணும்? யார் பண்ணணும்?

தண்ணீர் வாசற்படியைத் தொடும்போதே, தரையோரப் பிளக் பாயின்ட்டை எட்டுவதற்கு முன்பே, மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். "யார்" என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்து, அவர் அன்று அலுவலகத்தில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. வளர்ந்த பிள்ளைகள் உட்பட எல்லாருக்கும் ஒருமுறை காட்டி வையுங்கள்.

பலர் மறப்பது இன்வெர்ட்டரை. ஈபி மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் தன் பாட்டுக்கு வீட்டு வயர்களில் மின்சாரம் அனுப்பிக்கொண்டிருக்கும். அதையும் தனியாக அணைக்க வேண்டும். பேட்டரியைத் தரையில் வைக்காமல் ஒரு உயரமான ஸ்டாண்டில் ஏற்றிவிடுவது மழைக்கு முன் செய்யவேண்டிய வேலை. ஏற்கெனவே கணுக்கால் அளவு தண்ணீரில் நிற்கிறீர்கள், சுவிட்ச் போர்டு ஈரமாக இருக்கிறது என்றால் எதையும் தொடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி, தெருவுக்கே மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அறுந்து விழுந்த வயர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. தண்ணீருக்குள் கிடந்தால் அருகிலேயே போகக் கூடாது.

ஒவ்வொரு மழையிலும் இப்படி உயிர் போன செய்தி வருகிறது. கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இல்லையென்றால் இந்தப் பக்கத்தில் சொன்ன மற்ற எதையும் வாங்குவதற்கு முன் அதை மாட்டுங்கள்.

காஸ் சிலிண்டர் தண்ணியில மூழ்கினா வெடிக்குமா?

மூழ்குவதால் வெடிக்காது. அது மிதக்கும். 14.2 கிலோ சிலிண்டர் நிறைந்திருந்தால்கூட வெள்ளத்தில் மிதந்துவிடும், டியூப் பிடுங்கிக்கொள்ளும், காஸ் கசியும். அதனால் கிளம்புவதற்கு முன் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, பாதுகாப்பு மூடியைப் போட்டு, சிலிண்டரை நிமிர்ந்த நிலையில் ஜன்னல் கம்பியோடு கட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது காஸ் வாடை அடித்தால் தீக்குச்சி, சுவிட்ச் எதையும் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். இந்த காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோரம் தங்கும். எனவே வாசல் கதவும் திறந்திருக்கட்டும்.

போன் சார்ஜ் தீர்ந்துட்டா யாரைக் கூப்பிடறது?

பவர் பேங்க் ஒன்று, மழைக்காலம் முழுவதும் நிறைந்த நிலையில். திரை வெளிச்சத்தைக் குறைத்து, டேட்டாவை நிறுத்தி வைத்தால் போன் இரண்டு நாள் வரும். டவரில் நெரிசல் இருக்கும்போது பேச முடியாவிட்டாலும் எஸ்எம்எஸ் போய்விடும். வெளியூரில் இருக்கும் ஒரு உறவினரைப் பொதுத் தொடர்பாக வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் எல்லாரும் அவருக்கு ஒரு செய்தி அனுப்பினால், ஒருவர் மற்றவரைத் தேடி பேட்டரியைத் தீர்க்க வேண்டியதில்லை.

முக்கிய எண்களைக் காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, சென்னை மாநகராட்சி 1913. அப்புறம், கையில் ரொக்கம். நெட்வொர்க் இல்லையென்றால் யுபிஐ கிடையாது, மின்சாரம் இல்லையென்றால் ஏடிஎம் கிடையாது. 10, 20, 50, 100 ரூபாய் நோட்டுகளாக மூன்று நாள் செலவுக்கு வைத்திருங்கள், 500 ரூபாய்க்குச் சில்லறை யாரும் தர மாட்டார்கள்.

வீட்டுப் பத்திரம், சர்டிபிகேட் எல்லாம் நனைஞ்சா என்ன ஆகும்?

பெரும்பாலானவற்றுக்கு நகல் வாங்க முடியும், அலைச்சல்தான் அதிகம். 2015-ல் பள்ளிச் சான்றிதழ் முதல் பத்திரம் வரை இழந்தவர்களுக்காக அரசு தனி முகாம்களே நடத்தியது. ஆதார், ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்சி போன்றவற்றை அரசின் டிஜிலாக்கர் செயலியில் எடுத்து வைத்தால் மூலத்துக்குச் சமமாகச் செல்லும். அசல் பத்திரம், நகைக்கடன் ரசீது, ரேஷன் அட்டை, இன்ஷூரன்ஸ், மருத்துவ அறிக்கை ஆகியவற்றை ஜிப் கவரில் போட்டு ஒரே பையில் வையுங்கள். கிளம்பும்போது அந்தப் பை உங்கள் தோளில் இருக்க வேண்டும். ரேஷன் அட்டையை விட்டுவிடாதீர்கள். மிக்ஜாமுக்குப் பிறகு வழங்கிய 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் அட்டை அடிப்படையில், ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது.

வீட்டை விட்டு எப்பக் கிளம்பணும்னு எப்படித் தெரியும்?

கூட்டத்தில் அதிக நேரம் இதற்குத்தான் போகிறது, போகவும் வேண்டும். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது யோசித்தால் மனம் "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்றே சொல்லும். எனவே வெயில் அடிக்கும் நாளிலேயே ஒரு அடையாளத்தை முடிவு செய்யுங்கள். எதிர்வீட்டு முதல் படி, தெருமுனை டிரான்ஸ்பார்மரின் அடித்தளம், எதுவாகவும் இருக்கலாம். தண்ணீர் அதைத் தொட்டால் கிளம்புகிறோம், விவாதம் இல்லை.

இரண்டு விதிகள் மட்டும். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள். இருட்டில் திறந்து கிடக்கும் மழைநீர் வடிகாலும் பள்ளமும் தெரியாது. கணுக்காலுக்குச் சற்று மேலே, 15 செ.மீ. அளவு வேகமாக ஓடும் தண்ணீரே ஆளைத் தள்ளிவிடும். 30 செ.மீ. சிறிய காரை நகர்த்தும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை இழுத்துப்போகும். சுரங்கப்பாதையில் நிற்கும் தண்ணீருக்குள் வண்டியை இறக்கவே கூடாது. இரண்டாவது விதி, முதியவர், குழந்தை, கர்ப்பிணி ஆகியோர் மற்றவர்களுக்கு அரை நாள் முன்பே போய்விட வேண்டும்.

எங்கே போவது? மேல்மாடி வீட்டுக்காரர், மேடான பகுதியில் உறவினர், அரசு முகாம் என்று இந்த வரிசையில் பேசி வையுங்கள். பெண்ணெடுத்த வீடு, கொடுத்த வீடு என்று கூச்சம் பார்க்கிற நேரமல்ல. அக்டோபரிலேயே ஒரு வார்த்தை கேட்டு வைத்தால் சங்கடம் இருக்காது.

முகாமுக்குப் போனா வீட்டுல திருடு போயிடுமே?

நியாயமான பயம். பலர் மொட்டை மாடியிலேயே இருந்துவிடுவதற்கு இதுதான் காரணம். நகையை முன்பே வங்கி லாக்கரிலோ ஆவணப் பையோடு உங்கள் கையிலோ வைத்துக்கொள்ளுங்கள். டிவி, துணி, பாத்திரத்தைப் பரணில் ஏற்றிவிட்டுப் பூட்டுங்கள். தெருவில் மேல்மாடியில் தங்கும் இரண்டு மூன்று குடும்பங்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள், காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுக்கலாம். வீட்டைக் காக்க ஒரு ஆள் கீழ்த்தளத்தில் தங்குவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

அம்மாவுக்கு இன்சுலின், அப்பாவுக்கு டயாலிசிஸ். கரன்ட் இல்லாம என்ன செய்யறது?

தினசரி மாத்திரைகள் எல்லாருக்கும் இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு வேண்டும், மருந்துச் சீட்டின் படமும் போனில் இருக்கட்டும். உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் 25 அல்லது 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை தாங்கும், சரியான அளவு அட்டையில் இருக்கும். பிரிக்காததைக் குளிர்ச்சியாக வைக்க ஜிப் கவரில் போட்டு, மண்பானைத் தண்ணீருக்குள் வைக்கலாம். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்தால் வீணாகிவிடும்.

டயாலிசிஸ் செய்பவர்கள் ஆரஞ்சு எச்சரிக்கை வந்தவுடனேயே மையத்தைக் கூப்பிட்டு, முறையை முன்னால் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஒரு முறை தள்ளிப்போனால் சாப்பாட்டையும் தண்ணீரையும் எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதை மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருக்கும் வீட்டில் மாற்று சிலிண்டர் இல்லாமல் மழைக்காலத்தில் இருக்கவே கூடாது. பிரசவ தேதி நெருங்கியவர்களைப் புயலுக்கு முன்பே அரசு மருத்துவமனைகளில் சேர்த்துக்கொள்கிறார்கள். கிராம அல்லது நகர்ப்புறச் செவிலியரிடம் பெயர் கொடுத்து வையுங்கள்.

நாய், மாடு?

கட்டிப்போட்டு விட்டுப் போகாதீர்கள். கூட்டிப்போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்து மேட்டுப்பக்கம் விட்டுவிடுங்கள், அவை நீந்தித் தப்பும்.

வாடகை வீடு, அதுவும் கிரவுண்ட் ஃப்ளோர். வீட்டுக்காரர் எதுவும் செய்ய மாட்டேங்கிறார்.

கட்டடத்தைத் தொடாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. மழைநீர் முதலில் வருவது பெரும்பாலும் வாசல் வழியாக அல்ல, குளியலறை, கழிப்பறைத் துவாரங்கள் வழியாகத்தான். சாக்கில் மணல் நிரப்பி, பாலித்தீன் சுற்றி, அந்தத் துவாரங்களின் மேல் வையுங்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினைச் செங்கல் அடுக்கி ஒன்றரை அடி ஏற்றுங்கள், பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்யுங்கள். மாடிவீட்டாரிடம் ஒரு டிரங்குப் பெட்டி வைக்க இடம் கேளுங்கள்.

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிரஹ ரக்‌ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டைத் தருகின்றன. வெள்ளமும் புயலும் அதில் அடங்கும். வாடகைக்கு இருப்பவர் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். புயல் சின்னம் உருவான பிறகு ஓடிப்போய் எடுப்பதைவிட இப்போதே எடுப்பது நல்லது.

காரை மேம்பாலத்துல நிறுத்தலாமா? தண்ணியில நின்ன காரை ஸ்டார்ட் பண்ணலாமா?

2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்றதை எல்லாரும் பார்த்தோம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆம்புலன்ஸும் மீட்பு வண்டியும் போகக்கூடிய ஒரே உலர்ந்த வழி அதுதான். மேடான பகுதியில் இருக்கும் நண்பரின் குடியிருப்பு, அடுக்கு வாகன நிறுத்துமிடம் போன்றவற்றை முதலில் தேடுங்கள்.

ஸ்டார்ட் செய்யவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் சாவி திருப்பிய நொடியில் உள்பாகங்கள் வளைந்துவிடும். அப்படி ஆன சேதத்தைச் சாதாரண காப்பீடு ஏற்பதில்லை, இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இருந்தால்தான் கிடைக்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வெள்ளச் சேதத்துக்கு எதுவுமே வராது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, படம் எடுத்து, இழுவை வண்டியை வரச்சொல்லுங்கள்.

காத்து நின்னுடுச்சு. புயல் போயிடுச்சா?

அதுவரை பேய்க்காற்று அடித்து, திடீரென்று அமைதியானால் புயலின் கண் உங்கள் மேல் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும், ஏற்கெனவே ஆடிப்போன மரங்கள் அப்போதுதான் சாயும். கடந்துவிட்டது என்று வானிலை மையம் சொல்லும்வரை வெளியே வராதீர்கள். இதைக் கேட்க பேட்டரி ரேடியோ ஒன்று இருந்தால் நல்லது.

ராத்திரி 2 மணிக்குத் தண்ணி உள்ள வருது, ஒரு நம்பரும் கிடைக்கல. அப்போ?

மெயினும் இன்வெர்ட்டரும் மேலே சொன்னபடி. பிறகு கீழே இறங்கிப் போக முயலாமல் மேலே ஏறுங்கள். மாடிவீட்டுக் கதவைத் தட்டுங்கள், இல்லையென்றால் மொட்டை மாடி. மாடிக்கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எங்கள் கூட்டத்தில் ஒவ்வொரு கட்டடத்தையும் கேட்கிறோம். பூட்டிய மொட்டை மாடி இரவில் யாருக்கும் உதவாது.

கையில் ஆவணப் பை, மருந்து, குடிநீர், டார்ச், விசில், போர்வை. கத்திக் கத்தித் தொண்டை போகும், விசில் தூரம் கேட்கும். விடிந்ததும் சிவப்பு அல்லது பளிச்சென்ற துணியைக் கட்டுங்கள். 2015-ல் பல தெருக்களுக்குப் படகோடு வந்தவர்கள் மீனவர்கள். படகு வந்தால் ஒரே பக்கமாக எல்லாரும் ஏறாமல், அவர்கள் சொல்கிறபடி உட்காருங்கள்.

தண்ணி வடிஞ்சிடுச்சு. முதல்ல என்ன செய்யணும்?

முதலில் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, கெட்டுப்போன பொருட்கள், எல்லாமே. காப்பீட்டுக்கும் கிராம நிர்வாக அலுவலரின் கணக்கெடுப்புக்கும் அது தேவைப்படும். எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள். அலமாரி, ஷூ, துணிக்குவியலை ஒரு குச்சியால் தட்டிவிட்டுத் தொடுங்கள், பாம்பும் தேளும் ஒதுங்கியிருக்கும். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

சம்ப்பை முழுவதும் இறைத்துத் தேய்த்துக் கழுவிய பின் புதுத் தண்ணீர் விட்டு, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். குடிப்பதைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

வெள்ளத் தண்ணீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும் ஆபத்து உண்டு, காலில் வெட்டோ வெடிப்போ இருந்தால் இன்னும் அதிகம். சுத்தம் செய்யும்போது பூட்ஸ், கையுறை போடுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும், வெள்ளத் தண்ணீரில் நடந்ததை நீங்களே சொல்லுங்கள்.